அளவிறந்த சேமிப்பும் கனேடிய வரிச் சட்டமும்

சேமிப்பு மிகுந்தால் அதற்கும் தண்டம் உண்டு என்று யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றிற் கூறினால் எவரும் எளிதில் நம்பார். சீட்டுக் கட்டியும் நகை செய்தும் வாழ்ந்த சமூகத்திற்குச் சேமிப்புக் குறைந்துவிடுமோ என்பதே என்றுமுள்ள கவலை. அது மிகுதல் பிழையாகத் தோன்றியதில்லை. 1983ஆம் ஆண்டின் பின்னர் பெருந்தொகையினராய்க் கனடாவிற் குடியேறியோர் இம்மனப்பாங்கினையும் உடன்கொண்டே சென்றனர். அங்கு அவர்கள் எதிர்கொண்ட புதுமைகளுள் ஒன்று பதிவுசெய்யப்பட்ட ஓய்வூதியச் சேமிப்புத் திட்டமாகும். ஆர்.ஆர்.எஸ்.பி. எனப் பேச்சில் வழங்குவது இதுவே.

1957இல் இத்திட்டம் தோன்றியது. தொழில்தருநரின் ஓய்வூதிய நிதியிற் சேர்ந்தோருக்கு அதற்கு முன்னரே வரிச்சலுகை இருந்தது. சொந்தத் தொழில் செய்வோருக்கு அது கிட்டவில்லை. அவ்வேற்றத்தாழ்வினை நீக்குதலே நோக்கம். இட்ட தொகை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கப்படும். கணக்கினுள் வளரும் வட்டிக்கும் இலாபத்துக்கும் அவை அங்கிருக்கும் வரை வரியில்லை. மீளப் பெறும்போதே வரி விதிக்கப்படும். ஆகவே இதனை வரி விலக்கு என்பதிலும் வரி ஒத்திவைப்பு என்பதே பொருந்தும். இன்று பெறவேண்டிய பணத்தைப் பல்லாண்டுகள் காத்திருந்து பெற அரசு இசைகிறது. அவ்விசைவுக்கு ஓர் எல்லை வேண்டுமன்றோ? எல்லையில்லையேல் செல்வந்தரே அதன் பெரும்பயனை அடைவர். எனவே முன்னைய ஆண்டில் உழைத்த வருமானத்தின் 18 வீதம், அல்லது அவ்வாண்டுக்குரிய உச்சத்தொகை, இவற்றுட் குறைந்தது எதுவோ அதுவே வரம்பு. 2025ஆம் ஆண்டுக்குரிய உச்சத்தொகை 32,490 டொலர். முன்னைய ஆண்டுகளிற் பயன்படுத்தாத பகுதியும் இதனோடு சேரும்.

வரம்பினை மீறிய தொகையில் 2,000 டொலர் வரை பொறுத்துக்கொள்ளப்படும். 1996க்கு முன்னர் இது 8,000 டொலராக இருந்தது. அதற்கு மேற்பட்டதற்கு மாதந்தோறும் 1 வீத வரி உண்டு.

இவ்வரியிற் சிக்குவோர் பேராசைக்காரர் என எண்ணுதல் தவறு. ஒருவர் ஆண்டுக்கு 60,000 டொலர் உழைக்கிறார் எனக் கொள்வோம். அதன் 18 வீதம் 10,800. அத்தொகை முழுவதையும் சனவரியிற் கட்டிவிடுகிறார். ஆனால் அவருடைய தொழிலகத்தில் ஓய்வூதிய நிதியொன்று உண்டு. அதன்வழி அவருக்குச் சேரும் நன்மை 6,000 டொலர் என மதிப்பிடப்பட்டு, அவரது வரம்பிலிருந்து கழிக்கப்பட்டுள்ளது. முன்னைய மீதி எதுவும் இல்லையாயின் அவர் கட்டக்கூடியது 4,800 மட்டுமே. மிகை 6,000; அதில் 2,000 போக எஞ்சும் 4,000 டொலருக்கு மாதம் 40 டொலர். ஆண்டு முடிவில் 480. சம்பளத் துண்டில் எங்கோ ஒரு மூலையிற் கிடந்த இலக்கத்தை வாசியாமையின் விலை இது!

மனைவியின் பெயரிற் கட்டினால் அது வேறு வரம்பு என எண்ணுவோரும் உளர். அது கட்டிய கணவனின் வரம்பிலேயே கழியும். புதிதாகக் குடியேறியவருக்கோ முதலாண்டில் வரம்பே இல்லை. வருமுன் பிறநாட்டில் உழைத்தது இக்கணக்கிற் சேராது. ஆண்டின் முதல் அறுபது நாட்களுக்குள் கட்டுவதை முன்னைய ஆண்டுக்கும் கழிக்கலாம் என்பதால், பெப்ரவரி மாதத்தில் வங்கிகள் விளம்பரமும் கடனும் தந்து அழைக்கின்றன. அவ்விளம்பரங்கள் சேமிக்கச் சொல்லும் குரல் பெரிது. வரி மதிப்பீட்டு அறிவித்தலில் உமது வரம்பு எழுதப்பட்டுள்ளது, முதலில் அதைப் பாரும் என்னும் குரல் மிகச் சிறிது.

இலங்கையின் ஊழியர் சேமலாப நிதியோடு ஒப்புநோக்கின் வேறுபாடு புலனாகும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இன்று ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்துகின்றனர். கணக்கு தொழில்தருநருடையது, ஊழியர் வரம்பு பார்த்துக் கட்டவேண்டியதில்லை. கனடாவிலோ சுதந்திரத்தோடு கணக்காளர் வேலையும் தனிமனிதர் தலையில் ஏற்றப்பட்டுள்ளது. வசதியுள்ளோர் அதற்கு ஆள் வைத்துக்கொள்வர். இரவு வேலை முடித்து வீடு திரும்புவோர் என் செய்வர்? சலுகைக்கு வேலி வேண்டும் என்பது நியாயமே. எனினும் அவ்வேலியை அறியாதோரே அதில் அதிகம் காயப்படுகின்றனர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

பரிகாரம் இல்லாமலில்லை. மிகைத் தொகையைத் தாமதமின்றி மீளப் பெறவேண்டும். ஆண்டு முடிந்து 90 நாட்களுக்குள் அதற்கெனவுள்ள படிவத்தை அனுப்பி வரியையும் செலுத்தவேண்டும். நியாயமான தவறே நேர்ந்தது என்றும் அதனைத் திருத்த முயன்றதாகவும் காட்டின் வரியைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் கனேடிய வருவாய் முகவரகத்துக்கு உண்டு. வாளாவிருப்போருக்கே இடர் பெரிது. கழிவு எதனையும் பெறாது கணக்கிற் கிடந்த மிகை, அதனை மீட்டுச் சீர்செய்வதற்கான காலவரை கடந்தபின் எடுக்கப்படுமாயின், அதுவும் வருமானமாகவே கொள்ளப்படும். உழைத்த ஆண்டில் ஒருமுறை வரி கட்டிய அதே பணத்துக்கு முதுமையில் மறுமுறையும் வரி கட்ட நேரும்.