ஊமலுக்குள் என்ன நடந்தது?

உயர்தரத்தில் உயிரியல் படித்த ஆக்களைக் கேட்டால், நொதியம் என்றதும் பூட்டும் திறப்பும் என்றுதான் சொல்லுவினம். எமில் ஃபிஷர் 1894இல் சொன்ன உவமை அது. பரீட்சைக்குப் போதும். ஆனால் எனக்கு அந்தப் பாடம் உண்மையில் விளங்கினது பனம்பாத்தியில்தான்.

முளைக்க முதல் பனங்கொட்டையை வெட்டினால் உள்ளே கல்லுப் போல வெள்ளைப் பருப்பு இருக்கும். முளைத்த பிறகு வெட்டினால் பஞ்சு மாதிரி இனிப்பான பூரான். கிழங்கு கிண்டுகிற நேரம் பார்த்தால் வெறும் ஊமல். அந்தக் கல்லைக் கரைத்தது யார்? பூரான் வளர வளர, பருப்பின் கடினமான கலச்சுவர்களை நொதியங்கள் சிறிது சிறிதாக வெட்டி வெல்லமாக்குகின்றன. பூரான் அதை உறிஞ்சி முளைக்கு அனுப்புகிறது. அது கிழங்கில் மாப்பொருளாகச் சேர்கிறது. நாங்கள் அவித்துச் சாப்பிடுவது அதைத்தான்.

வளர்ப்பது மட்டுமில்லை, காவலும் நொதியங்களின் வேலைதான். வெட்டின கத்தரிக்காய் ஏன் கறுக்குது? அதன் கலத்துக்குள் பீனோல் சேர்வைகள் ஒரு அறையிலும், அவற்றை மாற்றுகிற நொதியம் இன்னொரு அறையிலும் இருக்கின்றன. கத்தி பட்டாலோ புழு கடித்தாலோ அறைகள் உடைந்து, இரண்டும் ஒட்சிசனோடு சேருகின்றன. அப்போது உருவாகிற பொருட்கள் புழுவுக்கும் கிருமிக்கும் ஆகாதவை. பப்பாசிப் பாலில் இருக்கிற பப்பேயினும் அப்படித்தான். அது புரதத்தையே வெட்டும். பாலைக் கழுவின பப்பாசி இலையைத் தின்று புழுக்கள் நன்றாக வளர்ந்ததையும், கழுவாத இலை அவற்றைக் கொன்றதையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள்.

பங்கசுக்கு வேறு ஆயுதம். பங்கசின் கலச்சுவரில் கைற்றின் உண்டு, தாவரத்திடம் அது இல்லை. அதனால் கைற்றினை வெட்டுகிற நொதியத்தைத் தாவரம் தனக்குச் சேதமில்லாமல் பாவிக்கலாம். வெட்டுப்பட்ட துண்டுகளே பக்கத்துக் கலங்களுக்கு ஆபத்து என்ற செய்தியாகவும் மாறும்.

ஆனால் இதெல்லாம் சும்மா வருவதில்லை. நொதியம் என்பது புரதம். புரதம் செய்ய நைதரசன் வேணும், சக்தியும் வேணும். எந்த நேரமும் காவலுக்கே செலவழிக்கிற தாவரம் குள்ளமாகிப் போகும். யூரியாவை அள்ளிக் கொட்டினால் மறுபக்கம் சாயும்: பயிர் மதமதவென்று வளரும், இலை மென்மையாகும், நெல்லில் எரிபந்தம் போன்ற பங்கசு நோய் இலகுவாகப் பிடிக்கும்.

2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தி, சில மாதங்களில் திரும்ப அனுமதித்தார்கள். அந்த வாக்குவாதத்தில் இரண்டு பக்கமும் சத்தமாகத்தான் கதைத்தது. ஒரு பக்கம் உரமே நஞ்சு என்றது. மறுபக்கம் உரம் இல்லாட்டி ஒன்றுமில்லை என்றது. பட்டினி கிடக்கிற பயிருக்குக் காவல் நொதியம் செய்யவும் பொருள் இல்லை என்பதை முதல் பக்கம் மறந்தது. கூடத் தின்ற பயிர் நோயைக் கூப்பிடும், பிறகு மருந்தடிக்கவும் காசு வேணும் என்பதை மற்றப் பக்கம் மறந்தது.

எவ்வளவு, எப்போது என்பதுதான் கேள்வி. அதற்கு மண்ணைப் பரிசோதிக்க வேணும், உரத்தை ஒரேயடியாகப் போடாமல் பிரித்துப் போட வேணும், இலையைப் பார்க்கப் பழக வேணும். கோஷம் போடுவதை விட இது சலிப்பான வேலை. ஆனால் கடனுக்கு மருந்து வாங்கித் தெளிக்கிற ஒரு வெங்காயத் தோட்டக்காரருக்கு, அந்தச் சலிப்பான வேலையில்தான் ஒரு போகத்தின் லாபமும் நட்டமும் இருக்கு.