நன்றாக இயங்குவதைத் தொடலாமா?

எங்கள் மத்ரஸாவின் வைஃபை ரவுட்டர் மூன்று ஆண்டுகளாகக் குறையேதுமின்றி இயங்கி வந்தது. சென்ற மாதம் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தபோது, புதிய ஃபர்ம்வேர் வந்திருப்பதாக ஓர் அறிவிப்பைக் கண்டேன். கருவிக்குள்ளேயே பதிந்திருந்து அதனை இயக்கும் மென்பொருளே ஃபர்ம்வேர்.

புதுப்பிக்க அஞ்சினேன். முன்னொரு முறை என் வீட்டு ரவுட்டரைப் புதுப்பிக்கையில் இடையில் மின்சாரம் நின்றது. பாதி எழுதப்பட்ட மென்பொருளோடு அது முடங்கியது. பிறகு இயங்கவே இல்லை. மத்ரஸாவிலோ மக்ரிபுக்குப் பின் வெளியூர்ப் பிள்ளைகள் இணையவழியில் ஓதுகிறார்கள். அது பழுதானால் அவர்களுடைய பாடம் நின்றுவிடும். ஆகவே இரண்டு வாரங்கள் தள்ளிப்போட்டேன்.

பின்னர் அறிவிப்பை முழுமையாக வாசித்தேன். புதிய வசதி எதுவும் அதில் இல்லை. பாதுகாப்புக் குறை ஒன்றை அடைப்பதே அதன் நோக்கம். 2018 மே மாதத்தில் வெளிப்பட்ட 'விபிஎன்ஃபில்டர்' என்னும் தீநிரல் நினைவுக்கு வந்தது. 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளுக்குள் அது நுழைந்திருந்தது. அவற்றில் பல, குறைகள் ஏற்கெனவே வெளியில் தெரிந்திருந்த கருவிகள். கருவி இயங்குகிறது என்பதால் அது பாதுகாப்பாக இருக்கிறது என்று பொருளல்ல.

பெற்றோரின் தொலைபேசி எண்களும் பிள்ளைகளின் பதிவுகளும் அந்த ரவுட்டரின் வழியே செல்கின்றன. அவை என்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். என் அச்சத்திற்காக அவற்றைத் திறந்த கதவுக்குள் வைத்திருக்க எனக்கு உரிமையில்லை.

வகுப்பில்லாத வெள்ளிக்கிழமை காலையைத் தேர்ந்தெடுத்தேன். கருவியின் அடியில் உள்ள மாடல் எண்ணையும் வன்பொருள் பதிப்பையும் சரிபார்த்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே கோப்பை இறக்கினேன். இருந்த அமைப்புகளைச் சேமித்துக்கொண்டேன். ரவுட்டரையும் கணினியையும் யுபிஎஸ்ஸில் இணைத்து, வைஃபையை நம்பாமல் கம்பிவழியாகப் புதுப்பித்தேன். சில நிமிடங்களில் விளக்குகள் மீண்டும் எரிந்தன, அல்ஹம்துலில்லாஹ். அப்போதே நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றினேன்.

இப்போது எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. புதிய வசதிகளுக்கான பதிப்பு மட்டுமே என்றால் பொறுத்திருக்கலாம். பாதுகாப்புக் குறையை அடைப்பதென்றால் செய்தே ஆகவேண்டும். எப்போது, எவ்வாறு என்பதே நாம் முடிவு செய்ய வேண்டியது. தயாரிப்பாளர் புதுப்பிப்புகளை நிறுத்திவிட்ட கருவியை மாற்றிவிடுவதே நன்று.

பெற்றோர்களே, இன்றிரவு உங்கள் வீட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.