நாற்பதைத் தாண்டியவர்கள்

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ஆம் தேதி நின்றது. பிளஸ் டூ முடித்த கையோடு கம்பெனி பஸ் ஏறிய இளம்பெண்கள் ஏராளம் அங்கே. பக்கத்தில் வேறு லைன் தேடலாம் என்றால், அதே டிசம்பரில் ஃபாக்ஸ்கானும் உற்பத்தியை நிறுத்தியது. நோக்கியா கட்டடத்தில் மறுபடி வேலை தொடங்க 2020 ஆகிவிட்டது, சால்காம்ப் நிறுவனம் அங்கே வந்தது. அதற்குள் அந்தப் பெண்கள் முப்பதை எட்டியிருந்தார்கள்.

மறைமலை நகர் ஃபோர்டு கதை வேறு. 2021 செப்டம்பரில் மூடும் அறிவிப்பு, 2022 ஜூலையில் கடைசி கார். இங்கே குடும்பஸ்தர்கள் அதிகம்: வீட்டுக் கடன், பள்ளிக் கட்டணம், பல வருட அனுபவம். அந்த அனுபவம்தான் வில்லங்கம். கான்ட்ராக்டுக்கு ஐடிஐ பையன்கள் கிடைக்கும்போது, நாற்பத்தைந்து வயது வெல்டரை யார் கூப்பிடுவார்கள்?

அரசு உதவித்தொகை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருந்தால் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பத்தாம் வகுப்பு தேறியவருக்கு 300. (இன்றைய விலையில் ஒரு கேஸ் சிலிண்டர்கூட வராது.) வயது வரம்பு பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 45, மற்றவர்களுக்கு 40.

நாற்பத்தாறில் வேலை போனவர் இந்தக் கணக்கிலேயே இல்லை. அந்த வரம்பை முதலில் எடுங்கள்.