தேய்ந்த பக்கம்

அம்மா இறந்தபின் பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டோம். பித்தளைப் பாத்திரங்கள் எல்லாவற்றிலும் அப்பாவின் பெயர் வெட்டியிருந்தது. பெயரில்லாத ஒரு கரண்டியை நான் எடுத்துக்கொண்டேன். சட்டியைச் சுரண்டிச் சுரண்டி அதன் ஒருபக்க விளிம்பு தேய்ந்துபோயிருந்தது.

கல்லூரியில் பானை ஓடுகளை நிறம், விளிம்பு, அலங்காரம் பார்த்து வகைபிரிக்கப் படித்தேன். எந்தக் காலம், எந்தப் பண்பாடு என்று எழுதினால் மதிப்பெண். அந்தப் பானையில் என்ன சமைத்தார்கள், எப்படிக் கழுவினார்கள் என்ற கேள்வி தேர்வில் வந்ததே இல்லை.

அந்தக் கேள்வியோடு அடுப்படிக்குப் போனவர் ஜேம்ஸ் ஸ்கிபோ. பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் கலிங்கா மக்களிடையே வில்லியம் லாங்கேக்கர் 1973இல் தொடங்கிய ஆய்வில் பின்னாளில் சேர்ந்தவர். 1988இல் அங்குள்ள வீடுகளில் சமைப்பதையும் பானை கழுவுவதையும் கூடவே இருந்து பார்த்தார். பிறகு அதே பானைகளை ஆராய்ந்து 1992இல் புத்தகம் எழுதினார்.

அங்கே சோறு கொதித்ததும் பானையை இறக்கித் தணலோரம் வைத்து, திருப்பித் திருப்பி வேகவிடுவார்கள். தணலைப் பார்த்த பக்கத்தில், பானையின் உள்ளே கரித்திட்டு விழும். காயும் கறியும் வேகும் பானை அடுப்பிலேயே இருப்பதால் அதில் கரி வேறு மாதிரி படியும். மணல் போட்டுத் தேய்த்த கீறல் வெளிப்புறத்தில் இருக்கும். எத்தியோப்பியாவின் காமோ மக்களிடம் ஜான் ஆர்தர் கண்டது இன்னொன்று: தானிய மது புளித்த பானையின் உட்சுவரை அமிலம் அரித்துவிடுகிறது. மது காய்ச்சுமளவு தானியம் வசதியுள்ள வீட்டில்தான் மிஞ்சும். ஆக, அரித்த பானை அந்த வீட்டின் நிலையையும் காட்டிக்கொடுக்கிறது.

எழுத்தே இல்லாத காலத்துப் பானைகளிலும் இந்தத் தடயங்களைத் தேடலாம். ஆனால் கீறலைப் பார்த்து, அது பெண்ணின் கையா ஆணின் கையா என்று சொல்ல முடியாது. அடுப்பென்றால் ஆதியிலிருந்தே பெண்தான் என்று நாமாக எழுதிவைப்பது, இன்றைய வீட்டை அன்றைய மண்ணுக்குள் புதைப்பதாகும். பானை சொல்வது இவ்வளவுதான்: இங்கே வேலை நடந்தது, ஒருநாளல்ல, தினமும் நடந்தது. அடுக்களையில் நாள் முழுக்க நிற்பவளை 'வேலை இல்லை' என்று எழுதிக்கொள்ளும் நாட்டில், அந்த ஒரு வரிச் சாட்சியமே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஒருநாள் கரண்டியைக் கழுவும்போது கவனித்தேன். வலக்கையால் சுரண்டினால் இடப்பக்க விளிம்பு தேயும். என் கரண்டியும் அப்படித்தான். அம்மாவுடையதில் தேய்ந்திருந்தது வலப்பக்கம்.

"பீச்சாங்கையால பரிமாறாதடீ" என்று அப்பத்தா அம்மாவைத் திட்டியது நினைவுக்கு வந்தது. அதன்பின் எங்கள் எல்லோர் முன்னாலும் அம்மாவின் வலக்கைதான் நீளும். அவள் மாறிவிட்டாள் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். யாரும் எட்டிப் பார்க்காத அடுக்களையில், கடைசிவரை அவள் தன் கையால்தான் சமைத்திருக்கிறாள்.