குகைக்குள் ஒரு துண்டு

செங்கோட்டையில் ரயிலுக்குப் பின்னாலும் ஓர் எஞ்சினைக் கோக்கிறார்கள். முன்னது இழுக்க, பின்னது தள்ள, புனலூர் வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மலைப்பாதை. அவசரக்காரர்களுக்கு ஏற்ற ரயில் இல்லை இது. 1904இல் போட்ட பாதை. 2010இல் மீட்டர் கேஜ் வண்டிகளை நிறுத்தி, அகலப் பாதையாக்கி, 2018இல்தான் முழுதும் திறந்தார்கள். அந்த இடைவெளியில் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

கழுதுருட்டியில் இருக்கும் பதிமூன்று கண் பாலத்தைப் பார்க்கத்தான் கிளம்பினேன். அதற்கு வெகு முன்பே, பகவதிபுரம் தாண்டியதும், நீளமான அந்தக் குகை வந்துவிட்டது. பெட்டி இருண்டது. பிள்ளைகள் 'ஓ'வென்று கூச்சலிட்டார்கள். சட்டென்று ஈரத் துண்டின் வாசனை மூக்கில் ஏறியது. சின்ன வெங்காயச் சருகும் வியர்வையும் கலந்த வாசனை.

அப்பா பாவூர்சத்திரத்திலிருந்து புனலூர்க் கடைகளுக்குக் காய்கறி அனுப்பிக்கொண்டிருந்தார். பாக்கி வசூலுக்குப் போகும்போது, பள்ளிக்கூடம் லீவு என்றால் என்னையும் கூட்டிப்போவார். குகை வரப்போகிறதென்று அவருக்கு எப்படியோ தெரியும். தோளில் கிடக்கும் துண்டை நனைத்துப் பிழிந்து, நாலாக மடித்து, என் மூக்கையும் வாயையும் பொத்திவிடுவார். எஞ்சின் புகை பெட்டிக்குள் சுழன்றடிக்கும். வெளிச்சம் வரும்வரை என் தலைக்கு மேலே அவர் இருமிக்கொண்டேயிருப்பார்.

இருந்தது ஒரே துண்டு. அது எனக்கு இப்போதுதான் உறைத்தது.

இன்று ஓடுவது மின்சார எஞ்சின், புகையே கிடையாது. ஆனாலும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. அழுகை என்று சொன்னால் போதாது, உடம்பே குலுங்கியது. ஆரியங்காவு வெளிச்சத்தில் எதிர் சீட்டுக்கார அம்மா பதறிப்போனார்.

"என்ன அண்ணாச்சி, மேலுக்கு முடியலையா?"

"இல்லம்மா, எங்கப்பா நெனப்பு."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். குடித்த பிறகு நானாகவே பேச ஆரம்பித்தேன். வசூல் நோட்டு, புனலூர்க் கடை வாசலில் அப்பா வாங்கித் தந்த பழம்பொரி, பாக்கி கிடைக்காத நாளிலும் அதை வாங்கித் தந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில்கூட இவ்வளவு சொன்னதில்லை. பதிமூன்று கண் பாலம் எப்போது கடந்துபோனதென்றே தெரியவில்லை.

கொல்லம் வரைக்கும் டிக்கெட் எடுத்திருந்தேன். புனலூரிலேயே இறங்கி, மார்க்கெட்டுக்கு வழி கேட்டேன்.