கடலுக்குப் போகும் முன்னர்



ஷவ்வால் மாதத்து ஆறு நோன்புகளையும் நிறைவு செய்திருந்த ஒரு மாலைப் பொழுது. தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில் எங்கள் பதினைந்து வயது மகள் தன் தந்தையிடம், "வாப்பா, ஆகஸ்ட் விடுமுறைக்கு அறுகம்பே போவோமா? எனக்குச் சர்ஃபிங் பழகணும்" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் சென்றுவிட்டேன்.

எங்கள் வீட்டில் கடலைப் பற்றிய பேச்சு எழுவதில்லை. நான் மருதமுனையில் பிறந்து வளர்ந்தவள். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை வந்த ஆழிப்பேரலை எங்கள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கும் அதிகமானோரைக் கொண்டுபோனது. அவர்களுள் என் தங்கையும் ஒருத்தி. பதினொரு வயது. அவளுடைய ஜனாஸா எங்களுக்குக் கிடைக்கவில்லை. திருமணமாகிக் கண்டிக்கு வந்த பின்னர், ஊருக்குப் போகும் போதெல்லாம் உம்மாவின் வீட்டோடு திரும்பிவிடுவேன். கடற்கரைப் பக்கம் கால் வைத்ததில்லை.

அன்றிரவு என் கணவர் மெதுவாகச் சொன்னார்: "வேண்டாம் என்று சொல்வதானால் காரணத்தோடு சொல்வோம். நம் பயத்தை மார்க்கத்தின் பெயரால் அவளிடம் சொல்லிவிடக் கூடாது." அந்தச் சொல் என்னைத் தைத்தது. உண்மையில், "பெண் பிள்ளைக்கு அலைச்சறுக்கு எதற்கு, மார்க்கம் இடம் தருமா?" என்ற கேள்வியைத்தான் நான் நாவில் தயாராக வைத்திருந்தேன். என் உள்ளத்தில் இருந்ததோ வேறு.

ஆகவே, ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்து, எங்களைத் தடுக்கும் ஒவ்வொன்றையும் எழுதி, அதன் எதிரே விடையைத் தேடினோம். ஒட்டகத்தைக் கட்டிய பின் தவக்குல் வைக்கக் கற்றுத் தந்த நபியின் உம்மத்தினர் அல்லவா நாம்?

முதலாவது காலம். அறுகம்பேயின் அலைப் பருவம் ஏப்ரல் இறுதி முதல் ஒக்டோபர் வரை. தெற்கிலிருந்து வரும் நீண்ட அலைகள் நிலமுனையைச் சுற்றி வளைந்து, ஒரே திசையில் வரிசையாக உடைந்து செல்வதால்தான் உலகெங்குமிருந்து ஆட்கள் அங்கு வருகிறார்கள். "அந்த மாதங்களில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்குமாம் உம்மா, அதனால் அலை ஒழுங்காக இருக்குமாம்" என்று மகள் விளக்கினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அது எங்கள் கச்சான் காற்று. கச்சானையும் வாடையையும் அறியாமல் கரையோரத்தில் எந்தப் பிள்ளை வளர்ந்தது?

இரண்டாவது இடம். பொத்துவிலை அடுத்த உல்லைக் கிராமம்தான் வெளியுலகம் அறுகம்பே என்று அறிந்த இடம். நம்மவர்கள் பெருமளவில் வாழும் ஊர். பள்ளிவாசலின் பாங்கு கேட்கும் அதே தெருவில் மதுச்சாலைகளும் உண்டு. இதை மறைப்பதற்கில்லை. முஸ்லிம் குடும்பமொன்று தன் வீட்டோடு சேர்த்து நடத்தும், மதுவுக்கு இடமில்லாத ஒரு தங்குமிடத்தைக் கணவர் உறவினர் மூலம் விசாரித்து ஒழுங்கு செய்தார். முதிர்ந்தவர்கள் சறுக்கும் பிரதான முனையை விட்டு, புதியவர்கள் பழகும் சிறிய அலைகளைத் தேடினோம். குடாவுக்குள்ளேயே இருக்கும் 'பேபி பொயிண்ட்', தெற்கே 'பீநட் ஃபாம்', வடக்கே 'விஸ்கி பொயிண்ட்' எனப் பட்டியல் நீண்டது. கடைசிப் பெயரைக் கேட்டதும் வாப்பா முகம் சுளிக்க, மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அலைக்கு யார் அப்பெயர் வைத்தார்களோ, அலை என்ன செய்யும்?

மூன்றாவது ஆடையும் ஒழுக்கமும். தலை முதல் கணுக்கால் வரை மறைக்கும் நீச்சலாடை இன்று எளிதாகக் கிடைக்கிறது. லெபனானில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வாழும் அஹெதா ஸனெட்டி என்ற சகோதரி 2004இல் வடிவமைத்த புர்கினியே இவ்வகைக்கு வழி திறந்தது. அதன் மேல் தளர்வான மேலாடை ஒன்றும் அணிவது என்று முடிவாயிற்று. கற்பிப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. இலங்கையின் முதலாவது பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் 2018இல் உருவானதும் அதே அறுகம்பேயில்தான் என்பதை அப்போதுதான் அறிந்தேன். பெண் பயிற்றுநர் ஒருவர் அதிகாலையில் வரச் சம்மதித்தார். அந்நேரம் காற்றும் குறைவு, கூட்டமும் குறைவு. சுபஹ் தொழுதுவிட்டு நேரே கடலுக்குப் போகலாம். வாப்பாவும் தம்பியும் கரையில் நிற்பார்கள்.

நான்காவது தொழுகை. கண்டியிலிருந்து பொத்துவில் கஸ்ருடைய தூரத்தைத் தாண்டியது. நமது ஷாஃபிஈ மத்ஹபின்படி, போய்ச் சேரும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாள்கள் தங்க நாடினால் சலுகை இல்லை. நாங்கள் வியாழன் சென்று ஞாயிறு திரும்புவதால் சுருக்கியும் சேர்த்தும் தொழலாம். பயணிக்கு ஜும்ஆ கடமையில்லை என்றாலும் பொத்துவிலில் ஜும்ஆவை அடைவதாகக் கணவர் நிய்யத் வைத்திருக்கிறார். வெயிலுக்குப் பூசும் களிம்பு நீரைத் தோலில் படவிடாது தடுக்கும் என்பதால், வுழூவுக்கு முன் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும் என்பதையும் எழுதிக்கொண்டோம்.

எல்லாம் எழுதி முடிந்தும் ஒரு வரி வெறுமையாகவே கிடந்தது. என் சம்மதம்.

ஒரு வெள்ளிக்கிழமை உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் மறுப்பார், அந்த மறுப்பின் பின்னால் நான் ஒளிந்துகொள்ளலாம் என்பதே என் எண்ணம். உம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "புள்ளைக்கு நீந்தத் தெரியுமா மகள்?"

"தெரியாது உம்மா."

"அப்ப முதல்ல அதப் படிப்பிங்க. கடல் வாசல்ல இருந்தும் நான் உங்க ரெண்டு பேருக்கும் படிப்பிக்கல்ல. கடல் நமக்கு எதிரியில்ல மகள். அதுவும் அவன்ட கட்டளைக்கு நடக்கிற படைப்புத்தான்."

அந்தப் பேரலையின் முன் நீச்சல் எதற்கும் உதவியிராது என்பது எனக்கும் தெரியும், உம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் இத்தனை ஆண்டுகளாக உம்மா தன்னைத்தானே கேட்டுவந்த கேள்வி ஒன்று இருந்திருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். நான் கடலை வெறுத்து விலகினேன். அவரோ அதன் அருகிலேயே இருந்து, 'இன்னா லில்லாஹி' என்ற சொல்லின் பொருளை ஒவ்வொரு நாளும் வாழ்ந்திருக்கிறார்.

மே மாதம் முதல் வாரம் இருமுறை மகளை நீச்சல் தடாகத்துக்கு அழைத்துச் செல்கிறேன். பெண்களுக்கென ஒதுக்கிய நேரம். மூன்றாவது வாரம் நானும் இறங்கினேன். இப்போது அவள் நிற்காமல் நீந்துகிறாள். நான் மிதக்கிறேன். இழுவை நீரோட்டத்தில் அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியேற வேண்டும் என்று பயிற்றுநர் சொல்லித் தந்தார். பதற்றமே மனிதனை முதலில் மூழ்கடிக்கிறது என்றும் சொன்னார். கடலை விட்டு விலகியிருந்த எனக்கும் அது பொருந்தும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெற்றோராகிய நமக்கு "கூடாது" என்பது எளிதான சொல். சில இடங்களில் அது கட்டாயமான சொல்லும்கூட. ஆனால் ஹராம் எது, நம் அச்சம் எது என்று பிரித்தறியாமல் அதைச் சொன்னால், பிள்ளைகள் இரண்டையும் ஒன்றென நம்பி வளர்வார்கள். ஒரு நாள் அச்சத்தை உதறும்போது மார்க்கத்தையும் சேர்த்து உதறிவிடக்கூடும். உட்கார்ந்து எழுதிப் பார்த்தபோது எங்கள் பட்டியலில் இருந்த தடைகளுள் பெரும்பாலானவற்றுக்கு மார்க்கத்திலேயே வழி இருந்தது.

ஞாயிறன்று கரையோர வீதியால் வடக்கே சென்று, மருதமுனையில் உம்மாவைக் கண்டுவிட்டே கண்டி திரும்புவோம். தங்கைக்குக் கபுறு இல்லை. அன்று அஸர் தொழுத பின் எங்கள் ஊர்க் கடலருகே நின்று அவளுக்காகத் துஆச் செய்ய நினைத்திருக்கிறேன். கடல் நீர் தூய்மையானது, அதில் வுழூ செய்யலாம் என்று சிறுவயதில் ஓதிக்கொடுத்தார்கள். அந்த அஸருக்கு அங்கேயே வுழூ செய்வேன், இன்ஷா அல்லாஹ்.

பயணத்துக்கு இன்னும் சில வாரங்கள் உள்ளன. பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும், நீரில் மூழ்கி மறைந்த எங்கள் உறவுகளை அல்லாஹ் ஷஹீதுகளின் கூட்டத்தில் ஏற்றுக்கொள்ளவும், உங்கள் துஆக்களில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.