நாயனமும் இசைத்தட்டும்

தருமபுரிப் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டி முடிந்ததும் ஒரு குரல் எழும்: "சிங்காரவேலனே வாசிங்க!" நாயனக்காரருக்கு அது விண்ணப்பமல்ல, கட்டளை. 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்துக்காகக் காருகுறிச்சி அருணாசலம் வாசித்து, எஸ். ஜானகி பாடிய ஆபேரி அது. 1964-ல் காருகுறிச்சியார் மறைந்தார், இசைத்தட்டு மறையவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு அதுவே சங்கடம்.

ஒரு கல்யாணத்தில் இளைஞர் ஒருவர் தொடக்க ஆலாபனையைத் தம் போக்கில் விரித்தார். சுகமாகத்தான் இருந்தது. "பாட்டுக்கு வாப்பா!" என்றார் பெரியவர் ஒருவர். இளைஞர் உடனே இசைத்தட்டாகிவிட்டார். கைதட்டல் கிடைத்தது; அவர் முகத்தில் களை இல்லை.

குரலும் நாயனமும் மாறி மாறி ஸ்வரம் பேசும் இடத்தில் கை வைக்கக் கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கேள்வியை மாற்றினால் பதில் அநாதையாகிவிடும். ஆனால் ஆலாபனை வாசிப்பவருடைய சொத்து. ராஜரத்தினம் பிள்ளையின் சீடராக இருந்தும் காருகுறிச்சியார் தமக்கென்று ஒரு பெயரைச் சம்பாதிக்கவில்லையா? இசைத்தட்டை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். மூச்சுள்ள மனிதரை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டு, அவருடைய மூச்சைக் கேட்க மறுப்பது என்ன நியாயம்?